கர்னலின் ஏழாவது பதக்கம்

யார்ட்லியின் கடைக்கு ஏறிப்போகும் மரப்படிகள் பதினெட்டு. கீழே குதிரைச் சேணம் விற்கிற கடை. மேலே, தெருவைப் பார்த்த ஒற்றை ஜன்னலுக்கு அருகில் உட்கார்ந்து அவர் ராணுவப் பதக்கங்களுக்கு ரிப்பன் தைப்பார். நவம்பர் பிறந்துவிட்டால் யார்க்‌ஷயரின் அந்த மூலையில் அவருக்குத்தான் கிராக்கி. போர் நினைவு ஞாயிறு வருவதற்குள் சுற்றுவட்டாரத்துக் கிழவர்களின் மார்பெல்லாம் அவர் கைபட்டு மினுங்கியாக வேண்டும்.

ஹெஸ்டர் லாரிமர் அந்தப் படிகளில் ஏறி வந்தது வியாழக்கிழமை மதியம். அவளுக்கு ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. பதினான்கு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை என்று அவளே சொல்வாள், சிரிக்காமல். அப்பா கர்னல் ஆம்ப்ரோஸ் லாரிமர் போன மார்ச்சில் கண்ணை மூடியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா மலைகளில் உளவுத்துறை அதிகாரியாக இருந்து, எதிரியின் முதுகுக்குப் பின்னால் பத்து மாதம் ஒளிந்து வாழ்ந்து, உயிரோடு திரும்பி வந்தவர். ஹார்த்வெய்ட் கிராமத்துக்குப் பெருமை சொல்லிக்கொள்ள அவரை விட்டால் ஒரு நல்ல ஆட்டுக்கிடாதான் உண்டு.

அவள் கைப்பையிலிருந்து பதக்கப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆறு பதக்கங்கள், ஒரே வரிசையில். முதலில் வெள்ளைப் பூச்சுள்ள சிலுவை, அது வீரத்துக்கு. பிறகு பர்மா நட்சத்திரமும் மற்றவையும். ரிப்பன்கள் நைந்து நூல்நூலாகத் தொங்கின.

"அட, கர்னலோடதா" என்றார் யார்ட்லி. "இத நான் தொட்டதே இல்ல, தெரியுமா மிஸ் லாரிமர். எத்தன வருஷம் கேட்டிருப்பேன், குடுங்க சார், ரிப்பன மாத்தித் தரேன்னு. மனுஷன் கைய விட்டு எறக்கவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அதைத் தானே அணிந்துகொள்ளப் போவதாக ஹெஸ்டர் சொன்னாள். யார்ட்லி ஊசியால் அவளைச் சுட்டிக்காட்டினார்.

"வலது பக்கம் குத்துங்க. சம்பாதிச்சவன் இடது பக்கம், சொந்தக்காரங்க வலது பக்கம். போன வருஷம் ஒரு அம்மா புருஷனோட மெடல இடது பக்கம் குத்திக்கிட்டு, தானே பீரங்கி இழுத்த மாதிரி வந்து நின்னாங்க. பாதிரியாரு பிரசங்கத்த மறந்துட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

அது அவளுக்குத் தெரியாதா என்ன. அந்த ஞாயிறின் ஒவ்வொரு அசைவும் அவளுக்கு மனப்பாடம். பதினோரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். பிறகு ஊரில் போரில் மாண்டவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். கடைசியில் அப்பா எழுந்து, நினைவுத்தூணில் இல்லாத ஒரு பெயரைச் சொல்வார்: சா தா பிளே. பர்மாவின் கரேன் இனத்து மலைக்காரன், அப்பாவின் ஒற்றன்; 'சா' என்பது அவர்கள் ஆண்பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். ஜப்பானியர் அவனைப் பிடித்து எட்டு நாள் சித்திரவதை செய்தார்கள். கர்னல் ஒளிந்திருந்த குகையை அவன் சொல்லவில்லை. எட்டாம் நாள் செத்தான். அந்த எட்டு நாளில் அப்பா மலை தாண்டித் தப்பினார். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் உடையும், பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். நாற்பது வருடமாக நடந்த சடங்கு அது. இந்த வருடம் ஹெஸ்டர் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், தேவாலயச் சுவரில் அப்பாவின் பெயர் பொறித்த கல்லைத் திரை விலக்கிக் காட்டுவார்கள். அவள் பதினான்கு வருடம் செய்த பணிவிடைக்கு ஊர் தரும் பதில் அந்தக் கல்தான் என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள்.

யார்ட்லி பட்டையைத் திருப்பி, பின்பக்கத்துக் கம்பளித் துணியின் தையலைப் பிரித்தார். சட்டென்று அவர் கை நின்றது.

துணிக்குள் இன்னொரு பதக்கம் இருந்தது. வெளியே தெரியாதபடி, சிலுவைக்கு நேர் பின்னால், கறுப்பு நூலால் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது. தையல் நேராக இல்லை. பழக்கமில்லாத கை தைத்தது.

அவர் அதைப் பிரித்தெடுத்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது உங்கப்பாவோடது இல்ல" என்றார் கடைசியில். "பர்மாவுல உள்ளூர் ஆளுங்களுக்குன்னு குடுத்த வீரப் பதக்கம். நம்ம அதிகாரிங்களுக்கு இதக் குடுக்க மாட்டாங்க. விளிம்புல பேரு இருக்கு பாருங்க."

சா தா பிளே.

செத்தவனின் பதக்கத்தைக் குடும்பத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி அவனுடைய மேலதிகாரியிடம்தான் கொடுப்பார்கள் என்றார் யார்ட்லி. அவர் குரலிலிருந்து கேலி போயிருந்தது. ஆறு பதக்கங்களுக்கும் புது ரிப்பன் தைத்து முடிக்கும்வரை அவர் அந்த ஏழாவதின் பக்கம் திரும்பவில்லை. பிறகு அதைப் பழுப்புத் தாளில் சுற்றி, விரல்நுனியால் அவள் பக்கம் தள்ளினார்.

"இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க வேணாம்." கொஞ்சம் தயங்கினார். "கூட வந்தவரு ஏன் உள்ள வரல?"

"யாரு? நான் தனியாத்தானே வந்தேன்."

"ரெண்டு பேரு ஏறி வந்த சத்தம் கேட்டுச்சு, மிஸ் லாரிமர். ஒண்ணு உங்க ஷூ. இன்னொண்ணு வெறுங்காலு."

வெளியே மழை இல்லை. படிகளோ நனைந்திருந்தன. ஹெஸ்டர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னப் பாதம், விரல்கள் அகன்று, ஈரமாகப் பதிந்திருந்தது.

எல்லாம் மேலே ஏறிய தடங்கள். ஒன்றுகூட இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் டீ போட்டாள். குடிக்கவில்லை. அப்பாவின் அறைக்குப் போய், அவர் யாரையும் திறக்கவிடாத தகரப் பெட்டியைத் திறந்தாள். வரைபடங்கள், பழைய துப்பாக்கி உறை, கைக்குட்டைகள். அடியில் ஒரு கடிதம் இருந்தது. நாற்பத்தேழாம் வருடம், கரேன் மலையிலிருந்து ஒரு பாதிரியார் அப்பாவுக்கு எழுதியது.

தா பிளேயின் மனைவி மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் நடந்து, மாவட்ட அலுவலகத்துக்கு வந்துவிட்டாள் என்று அவர் எழுதியிருந்தார். பதக்கம் உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவளுக்குப் பதக்கத்தின் வெள்ளி வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவன் உங்களுக்கு வேலை செய்தது உங்களையும் அவனையும் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. ஜப்பானியர் நேராக அவன் வீட்டுக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் பெயரைச் சொன்னது யார்?

கடிதத்தின் பின்பக்கம் அப்பா பென்சிலால் பதில் எழுதிப் பார்த்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வரிகள், எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. ஒரே வரியை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார்.

எனக்கு எட்டு நாள் தேவைப்பட்டது.

ஹெஸ்டர் அந்த வரியை நாலைந்து முறை படித்தாள். உளவு வேலை என்றால் என்ன என்று அப்பா அவளுக்குச் சின்ன வயதிலேயே விளையாட்டாகச் சொல்லித் தந்திருக்கிறார். வேட்டைநாய் துரத்தினால் அதன் முன்னால் எதையாவது வீசிவிட்டு ஓட வேண்டும், அது தின்று முடிக்கும்வரை நேரம் கிடைக்கும். அவள் கைகொட்டிச் சிரித்திருக்கிறாள். அவர் வீசியது எதை என்று இப்போதுதான் தெரிந்தது. தானே காட்டிக்கொடுத்தவனுக்காக வருடாவருடம் ஊர் நடுவில் நின்று குரல் உடைந்திருக்கிறார். அதைக் கேட்டு அவளும் அழுதிருக்கிறாள். இந்த மனிதருக்காகவா பதினான்கு வருடத்தைக் கஞ்சி காய்ச்சியே கழித்தோம் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. செத்த பிறகும் ஒருவர் முதுகில் குத்த முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கடைசி மாதங்களில் வாசல் மணி அடித்தால் அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். "என் பேரச் சொல்லி யாராவது கேட்டா, இல்லன்னு சொல்லிடும்மா" என்பார். மூளை தளர்ந்துவிட்டது என்றுதான் டாக்டரும் அவளும் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அவள் டோர்கஸ் பிம்முக்குப் போன் செய்தாள். போர்வீரர் சங்கத்தின் கிளைச் செயலாளர் அவள்தான், ஹெஸ்டரின் பள்ளித்தோழியும்கூட. ஹெஸ்டர் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். நாளைக்கு அந்தக் கதையை வாசிக்க முடியாது, கல்லையும் திறக்க வேண்டாம் என்றாள். டோர்கஸ் குறுக்கே பேசாமல் கேட்டதே அதிசயம்.

"இங்க பாரு ஹெஸ்டர், அறுபது பேருக்கு சாண்ட்விச் சொல்லியாச்சு, பிஷப் வராரு" என்றாள் பிறகு. "எங்கயோ மலைக்காட்டுல எவனோ செத்தான், அதுவும் நாப்பது வருஷத்துக்கு முன்னாடி. இப்ப இதக் கெளறினா யாரு பேரு நாறும்? உங்கப்பா பேரு மட்டுமா? நாளைக்குக் கடைக்குப் போனா உன்ன எப்படிப் பாப்பாங்க? பேசாம மெடலக் குத்திக்கிட்டு வந்து சேரு."

ஹெஸ்டர் போனை வைத்தாள். அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை. மாலைக்குள் உறுதி தளர்ந்துவிட்டது. கறுப்புக் கோட்டின் வலது பக்கத்தில் ஆறு பதக்கங்களையும் குத்தி, அலமாரியில் மாட்டினாள். ஏழாவதை அப்பாவின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

காலையில் கோட்டை எடுக்கும்போது முதலில் வந்தது வாடைதான். நனைந்த மூங்கில், விறகுப் புகை, அடியில் அழுகல் மாதிரி ஏதோ ஒன்று.

வலது பக்கத்தில் ஆறும் வைத்தது வைத்தபடி இருந்தன.

இடது பக்கத்தில் ஏழாவது.

சம்பாதித்தவன் குத்திக்கொள்ளும் இடத்தில்.

தலையணைக்கடியில் சாவி அப்படியே இருந்தது. இழுப்பறையும் பூட்டியே இருந்தது. அந்தப் பதக்கத்தைப் பிடுங்கி, சமையலறையில் நிலக்கரி வாளிக்குள் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினாள்.

நினைவுத்தூண் தேவாலய வாசலில், சரளைக்கல் போட்ட முற்றத்தில் நிற்கிறது. பின்னால் கல்லறைத் தோட்டம். பழைய யூ மரத்தடியில் அப்பாவின் குழி, புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கல்லறையை ஒட்டிய மதிலுக்கு அந்தப்பக்கம்தான் அவள் வீடு. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. எல்லோர் கோட்டிலும், போரில் மாண்டவர்களின் நினைவாக, காகிதத்தில் செய்த சிவப்புப் பாப்பிப் பூ. வெளிறிய வெயில். டோர்கஸ் அவள் முழங்கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மணி பதினொன்று அடித்தது. எக்காளம் ஊதி ஓய்ந்தது. தலைகள் குனிந்தன.

அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். போன வருடம் ஒரு கிழவர் மயங்கி விழுந்தபோதுகூட, மௌனம் முடிந்த பிறகுதான் தூக்கினார்கள்.

சரளைக்கல் நெரிபட்டது.

கூட்டத்துக்குப் பின்னால், தெருப்பக்கம். யாரோ தாமதமாக வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஷூ சத்தம் இல்லை. ஈரப் பாதம் கல்லில் பதிந்து, பிய்ந்து, மறுபடி பதிகிற சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது. யாரும் தலை நிமிரவில்லை, யாரும் விலகவில்லை. ஆனாலும் சத்தம் கூட்டத்துக்கு ஊடாக வந்துகொண்டே இருந்தது.

மூங்கில் வாடை.

ஹெஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கத்தலாம். ஐம்பது வருடப் பழக்கம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. மௌனத்தில் கத்துவதா?

சத்தம் அவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றது.

கோட்டின் இடது மார்பில் ஏதோ கனத்தது. ஊசி ஒன்று கோட்டைத் துளைத்து, உள்சட்டையைத் துளைத்து, நிதானமாகச் சதைக்குள் இறங்கியது.

காதோடு ஒரு மூச்சு, ஆற்றடிக் கல் மாதிரிக் குளிர்ந்து.

"என் பேர யாரு சொன்னது?"

குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது, வெகுதூரம் நடந்து வந்தவன் வழி கேட்பதுபோல. அவள் வாய் திறக்கவில்லை. ஊசி இன்னும் கொஞ்சம் இறங்கியது. எலும்பைத் தொட்டது.

"என் பேர யாரு சொன்னது?"

அவளுக்குத் தெரியும். உலகத்தில் உயிரோடு இருப்பவர்களில் அவளுக்கும் டோர்கஸுக்கும் மட்டும்தான் தெரியும். இன்னும் ஒரு நிமிடம் பல்லைக் கடித்தால் எக்காளம் ஊதிவிடும். ஆனால் வலி தொண்டைவரை ஏறிவிட்டது, இது தன்னை விட்டுப் போனால் போதும், யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும் என்று அவளுக்குள் ஏதோ கெஞ்சியது.

"ஆம்ப்ரோஸ் லாரிமர்" என்று முணுமுணுத்தாள். "எங்கப்பா. நான் இல்ல, அவருதான். அதோ, அந்த மரத்தடியில இருக்காரு."

ஊசி வெளியே வந்தது.

ஈரக் காலடிகள் அவளைக் கடந்து, அவசரமில்லாமல், ஒரு காலை இழுத்தபடி யூ மரத்தை நோக்கிப் போயின.

எக்காளம் ஊதியது. தலைகள் நிமிர்ந்தன. டோர்கஸ் அவளை முறைத்து, "ரெண்டு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல உனக்கு" என்று பல்லுக்குள் சொன்னாள்.

பிறகு எல்லாம் திட்டப்படி நடந்தது. பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஹெஸ்டர் முன்னால் போய், தா பிளே எட்டு நாள் வாய் திறக்காமல் செத்ததையும் கர்னல் அவனை ஒருநாளும் மறக்காததையும் தாளைப் பார்த்து வாசித்தாள். குரல் உடைந்தது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. திரை விலகியது, அப்பாவின் பெயர் புதுக்கல்லில் பளிச்சென்று தெரிந்தது. ஊர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது. அப்பாவுக்கு எட்டு நாள் தேவைப்பட்டது, தனக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த வெட்கம் ஒரு சாண்ட்விச்சைக்கூட விழுங்கவிடவில்லை.

வீட்டில் கோட்டைக் கழற்றினாள். இடது மார்பில் ஒரு சின்ன ஓட்டை, சுற்றி இரத்தக்கறை. நிலக்கரி வாளியில் ஏழாவது பதக்கம் இல்லை. அது உரியவனோடு போய்விட்டது என்று அவளுக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. ஆறு பதக்கங்களையும் கழற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் முதல் மதிலுக்கு அந்தப்பக்கம் முனகல் கேட்டது. காலையில் ஆரம்பித்து, பொழுது சாய்ந்தால் நின்றுவிடும். யூ மரத்தில் காற்று சிக்கினால் அப்படித்தான் கேட்கும் என்றாள் டோர்கஸ். காற்றே இல்லாத நாளிலும் கேட்டது. குழிமேல் புல் நசுங்கிக் கிடப்பதாகவும், நாய் ஏதாவது படுத்திருக்கும் என்றும் தோட்டக்காரர் சொன்னார். ஹெஸ்டர் ஜன்னல்களை எல்லாம் மூடி, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். காதில் விழுந்த முனகலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பதினான்கு வருடம் அந்தக் குரலுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் அவள்.

எட்டாம் நாள் மாலையோடு அது ஓய்ந்தது.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, அவள் முதல்முறையாக ஜன்னலைத் திறந்தாள். பனி மூடிய கல்லறைத் தோட்டம் அமைதியாக இருந்தது. முட்டையை வேகப் போட்டுவிட்டு, எதற்கோ அப்பாவின் அறைக்குப் போனவள், இழுப்பறை திறந்து கிடப்பதைப் பார்த்தாள்.

ஆறும் இல்லை.

தோட்டத்து நடையில் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஊன்றலுக்கும் பின்னால், ஒன்றோடொன்று உரசும் உலோகத்தின் மெல்லிய கிலுக்கம்.

வாசல் மணி அடித்தது.

கதவின் மங்கலான கண்ணாடிக்கு அப்பால் ஒரு கூன் விழுந்த உருவம் நின்றது. அதன் இடது மார்பில் ஆறு புள்ளிகள் வரிசையாக மினுங்கின. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, குள்ளமாக இன்னொன்று நின்றது. அதன் மார்பில் ஒரே ஒரு புள்ளி.

"ஹெஸ்டர்" என்றது அப்பாவின் குரல், போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுகிற அதே மெல்லிய குரல். "என் பேர யாரும்மா சொன்னது?"